தீவுப் பள்ளிகளும் ஆசிரியர் பொறுப்பும்

அந்தமான் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நினைவில் எழுவது சிறைச்சாலையே. தீவாந்திர சிட்சை என்ற சொல்லை நம் பாட்டன்மார் நடுக்கத்தோடுதான் உச்சரித்தார்கள். அச்சிறையைப் பற்றி எழுதியோர் பலர். அதே தீவுகளில் நடந்த பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். ஆசிரியர் ஒருவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளர், அவர் தவறினால் அவரைக் கேட்பவர் யார் என்னும் வினா, நம் நாட்டில் வேறெங்கணும் காட்டிலும் இத்தீவுகளிலேதான் கூர்மையாக எழுந்தது என்பது என் கருத்து. காரணம் எளிது. பெருநிலத்துப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், மாலையில் வீடு திரும்பித் தாயிடம் சொல்லும். தீவுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கோ தாய் இருந்தது மற்றொரு தீவில், அல்லது காட்டின் மறுகோடியில்.

1858ஆம் ஆண்டு மார்ச் மாதம் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியேற்றம் தொடங்கியது. ஐந்தாண்டுகள் கழித்து, 1863இல், அங்கே மதகுருவாக இருந்த ஹென்றி கார்பின் என்பவர் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ ஒன்றை ஏற்படுத்தினார். (ராஸ் தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும், போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கி வருகின்றன. இவ்வுரையில் பழைய பெயர்களையே கையாள்கிறேன்.) அந்தமான் ஆதிகுடிகள் சிலரை அவ்வில்லத்தில் தங்க வைத்து, உணவும் உடையும் கொடுத்து, ஆங்கிலம் கற்பிக்க முயன்றார் கார்பின். கைதிகள் அல்லாதார்க்கு அத்தீவுகளில் நடந்த முதற் கல்வி முயற்சிகளுள் ஒன்று என்று இதைச் சொல்லலாம்.

நோக்கத்தில் குறை சொல்வதற்கில்லை என்று அக்கால அதிகாரிகள் எழுதினார்கள். நடந்தது வேறு. இல்லத்தில் இருந்தவர்கள் தம் விருப்பப்படி வெளியேற முடியவில்லை, காவல் இருந்தது, தப்பி ஓடியவர்கள் உண்டு. அவர்கள் அங்கே இருப்பது, காட்டில் உள்ள அவர்தம் இனத்தார் அடங்கி நடப்பதற்குப் பணயம் போன்றது என்பதே கண்காணிப்பாளர் டைட்லர் கொண்டிருந்த எண்ணம். பணயமாக வைக்கப்பட்டவர் எப்படி மாணாக்கர் ஆவார்? சிலரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றபோது, அவர்களைப் பார்க்க ஊர் திரண்டது. அதுவும் கல்விச் சுற்றுலா என்றே கருதப்பட்டது போலும்.

1864இல் கார்பின் விலகினார். இல்லங்கள் வேறு கைகளுக்கு மாறின. அநாதைச் சிறுவர்க்கென்று ஒரு விடுதியும் பின்னர் ஏற்பட்டது. அன்றாட மேற்பார்வை பெரும்பாலும் கைதிகளிலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்ட சிறு அதிகாரிகளிடம் விடப்பட்டது. 1876இல் அவ்வில்லங்களில் மேகநோய் பரவியிருப்பது வெளிப்பட்டது. அதற்கு முன்பே பல காலமாக அந்நோய் அங்கே இருந்திருக்க வேண்டும். மறு ஆண்டு தட்டம்மை வந்து பெருந்தொகையினரைக் கொண்டுபோயிற்று. பெரிய அந்தமான் இனத்தார் 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 625 பேர். 1961ஆம் ஆண்டுக் கணக்கில் 19 பேர். இந்த அழிவு முழுவதற்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் பழி போடுவது நியாயமாகாது. ஆயினும், ‘உங்கள் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று கூறி வாங்கிக்கொண்ட ஓர் இல்லத்தில், அப்பிள்ளைகளுக்கு நேர்ந்ததைப் பற்றிக் கணக்குக் கேட்க அக்காலச் சட்டத்தில் ஒருவரும் இல்லை என்பதை மறக்கலாகாது. பிற்காலத்தில் இவற்றையெல்லாம் பழைய கோப்புகளிலிருந்து திரட்டி 1899இல் நூலாக வெளியிட்டவர் போர்ட்மன் என்ற அதிகாரி.

இனி நிக்கோபாருக்குச் செல்வோம். அங்கே நமக்கு ஒரு தமிழர் காத்திருக்கிறார்.

நிக்கோபார்த் தீவுகளை ஆங்கிலேயர் 1869இல் கைப்பற்றி, கமோர்த்தாவில் ஒரு கைதிக் குடியேற்றத்தை நடத்தினர். 1888இல் அது மூடப்பட்டது. அதன் பின்னர் அரசாங்கத்தின் சார்பில் ஓர் ஏஜெண்டு நான்கௌரியிலும், மற்றொருவர் கார் நிக்கோபாரிலும் அமர்த்தப்பட்டனர். 1890களின் இடையில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு அவ்வாறு வந்தவர் வேதப்பன் சாலமன் என்னும் சென்னை மாகாணத்துத் தமிழர். போர்ட் பிளேரில் சிறுவர்க்குக் கற்பித்துப் பழகியவர். மூஸில் அவர் ஆசிரியர், உபதேசியார், அரசாங்க ஏஜெண்டு.

ஏஜெண்டின் வேலைகள் இவை என்று அக்கால அரசாங்க நூல்கள் வரிசைப்படுத்துகின்றன: ஊர்த் தலைவர்கள் அமைதி காக்க உதவுதல், வணிகர்க்கு உரிமச் சீட்டுக் கொடுத்துக் கட்டணம் வசூலித்தல், கப்பல்கள் துறைமுகம் நீங்க அனுமதி வழங்குதல், நடந்தவற்றையெல்லாம் மேலிடத்துக்குத் தெரிவித்தல், சாராயமும் துப்பாக்கியும் கள்ளத்தனமாக வாராமல் தடுத்தல், சில்லறை வழக்குகளைச் சமாதானமாகத் தீர்த்தல். இவ்வளவும் முடித்த பிறகு பிள்ளைகளுக்கு அரிச்சுவடி. 1901இல் அத்தீவுகளுக்குச் சென்று, 1903இல் தம் பயண நூலை வெளியிட்ட பாடன் க்ளாஸ் என்பவர் சாலமனை அங்கே கண்டு எழுதியிருக்கிறார்.

ஒரே மனிதர் இத்தனை பதவிகளை வகிப்பது செலவு குறைந்த ஏற்பாடு. அது நேர்மைக்கு எத்தகைய சோதனை என்பதை ஆட்சியாளர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தேங்காய் வாங்க வரும் வணிகர்க்கு உரிமம் கொடுப்பவர் அவரே. அந்தத் தேங்காயை விற்கிறவர்களின் பிள்ளைகளுக்கு எண் கற்பிப்பவரும் அவரே. எண்ணத் தெரிந்த பிள்ளை வளர்ந்து பேரத்துக்கு வந்தால் வணிகருக்கு ஆதாயம் குறையும். வணிகரின் தயவைப் பெரிதென்று கருதும் ஓர் ஏஜெண்டு பள்ளிக்கூடத்தை மெல்லச் சோம்பவிட்டிருக்கலாம், கேட்பாரில்லை. சாலமன் அவ்வாறு செய்யவில்லை. அவருடைய பள்ளி அவருக்குப் பின்னும் நிலைத்தது.

இதனினும் கடுமையான சிக்கல் வேறொன்று. பேய் பிடித்தவர் என்றும் சூனியக்காரர் என்றும் ஊராரால் கருதப்பட்டவர்களைக் கொன்றுவிடும் வழக்கம் அந்நாளில் கார் நிக்கோபாரில் இருந்தது. ‘பேய்க் கொலை’ என்று அதிகாரிகள் அதற்குப் பெயரிட்டார்கள். ஊருக்குள் வாழ்கிறவரும் ஊர்ப் பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெற்றவருமான ஆசிரியர் காதுக்கு இச்செய்திகள் வரும். ஏஜெண்டு என்ற முறையில் அவர் அவற்றைத் தலைமை ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தால், நாளை ஒரு தந்தை தன் மகனைப் பள்ளிக்கு அனுப்புவானா? தெரிவிக்காவிட்டால், நாளை இன்னோர் உயிர் போகாதா?

சாலமன் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நாளும் நிகழ்ச்சியும் பெயருமாக அவர் எழுதிய குறிப்புகளிலிருந்து, 1894 முதல் தலைமை ஆணையராக இருந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் பல பகுதிகளை எடுத்துத் தம் எழுத்துகளில் சேர்த்திருக்கிறார். கார் நிக்கோபாரின் அக்கால வழக்கங்களை ஆராய்வோர்க்கு இன்று அவை மூலச் சான்றுகள். ஆராய்ச்சிக்கு உதவியது பிற்பட்ட பயன். என்னைக் கவர்வது வேறு. கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் இருந்த ஒருவர், தாம் கண்டதையும் செய்ததையும் பிறர் படிக்கும்படி எழுதி வைப்பது, தம்மைத் தாமே கேள்விக்கு உட்படுத்திக்கொள்வதாகும். ராஸ் தீவு இல்லத்துக்கும் மூஸ் பள்ளிக்கும் இடையே உள்ள வேறுபாடுகளுள் இதனை நான் பெரிதாக மதிக்கிறேன். சாலமன் 1909இல் மறைந்தார்.

அவருடைய மாணாக்கருள் ஒருவர் ஹா-செவ்-கா என்ற நிக்கோபார்ச் சிறுவர். ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயருடன் பர்மாவுக்குச் சென்று படித்து, 1912இல் மூஸுக்கு ஆசிரியராகவே திரும்பினார். அவர் வரலாறு தனி உரைக்கு உரியது. கார் நிக்கோபார் மொழியில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். பிள்ளைகளுக்குக் கால்பந்து ஆடக் கற்பித்தார். ஜப்பானியர் ஆக்கிரமிப்பின் இறுதிக் காலத்தில், 1945இல், உளவாளிகள் என்ற பொய்க் குற்றச்சாட்டின் பேரில் நிக்கோபார் மக்கள் பலர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார். போர் முடிந்தமையால் உயிர் தப்பினார். அக்கொலைகள் குறித்து 1946இல் சிங்கப்பூரில் விசாரணை நடந்தது. 1950இல் அவர் பேராயரானார். 1952இல் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் சார்பில் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். வெளியிலிருந்து வந்தவர்களே ஆசிரியர்களாக இருந்த தீவுக்கு, தன் மக்களுள் ஒருவரே ஆசிரியராகக் கிடைத்தார். தன் சொந்த ஊரிலேயே கற்பிப்பவரை நாற்புறமும் உறவினர் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். அதைவிடக் கண்டிப்பான மேற்பார்வையை எந்தச் சர்க்காரும் ஏற்படுத்த இயலாது.

ஆசிரியர் இலக்கணத்தைப் பற்றி நம் முன்னோர் சிந்திக்காமல் இல்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறது. ஆசிரியர் ஆகாதவர்க்கும் உவமைகள் கூறுகிறது. அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. நீர் வார்த்தவன் தோட்டத்தில் நில்லாமல் வளைந்து, அடுத்தவன் தோட்டத்தில் காயை உதிர்க்கும் தென்னை. தென்னை மலிந்த நிக்கோபாரில் இவ்வுவமை நன்கு விளங்கும். ஆனால் நன்னூலார் ஆசிரியரின் குணத்தைச் சொன்னாரேயன்றி, குணம் தவறியவரை மாணாக்கன் எங்கே சென்று முறையிடுவது என்று சொல்லவில்லை. அஃது அவர் காலத்து வினா அன்று.

அந்த வினாவுக்குச் சட்டம் விடை கண்ட வரலாறும் நெடியது. இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் நகரில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர், தம்மிடம் தங்கிப் படித்த ரெஜினால்ட் கேன்சலர் என்ற பதினைந்து வயதுச் சிறுவனை 1860ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அடித்தே கொன்றார். அடிப்பதற்கு முன் அச்சிறுவனின் தந்தைக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்றிருந்தார் என்பதுதான் இதில் கொடுமை. ஹாப்லிக்கு நான்காண்டுக் கடுங்காவல் கிடைத்தது. பெற்றோரின் சார்பில் ஆசிரியர் அளவான தண்டனை கொடுக்கலாம், அளவு மீறினால் குற்றம் என்று தலைமை நீதிபதி காக்பர்ன் அவ்வழக்கில் வகுத்த நெறி, நூறாண்டுக்கு மேல் ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகளிலெல்லாம் எடுத்தாளப்பட்டது. அதே 1860இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டமும் இயற்றப்பட்டது. குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் இசைவுடன் நல்லெண்ணத்தில் செய்யும் செயல் குற்றமாகாது என்னும் அதன் 89ஆம் பிரிவு, பிரம்பைக் கையில் எடுத்த ஆசிரியர்க்கு நீதிமன்றங்களில் கேடயமாக விளங்கிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையிலும் அப்பிரிவின் சாரம் இருக்கிறது.

ஆயினும் அக்கேடயத்தின் மறைவில் பிரம்பை இனி வைத்திருக்க இயலாது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை உடல் தண்டனை கூடாது என்றது. டில்லி உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில், அடிக்க அனுமதித்த டில்லிப் பள்ளி விதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்து, மீறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழி செய்தது. தந்தையே கடிதம் எழுதி அனுமதித்தாலும் இனிச் செல்லாது. ஹாப்லி வழக்கைப் படித்த எவருக்கும் இதன் அருமை புரியும்.

மத்திய அரசாங்கத்தின் சட்டங்களையும் விதிகளையும் தமிழாக்குவதே என் தொழில். மொழிபெயர்ப்பாளன் பிரிவுகளைக் கருத்துக்காக மட்டுமன்றிச் சொல்லுக்காகவும் படிக்கிறான். ஆகவே ஒரு சட்டம் எதனை ‘செய்யலாம்’ என்கிறது, எதனை ‘செய்தல் வேண்டும்’ என்கிறது என்பதில் என் கண் முதலில் செல்லும். அந்தமான் நிக்கோபார் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றியத்து ஊழியர்கள் என்ற முறையில் 1964ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப்பணி நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். அவற்றின் மூன்றாம் விதி, முழு நேர்மையும் கடமையில் ஈடுபாடும் எக்காலத்தும் உடையராதல் வேண்டும், அரசு ஊழியர்க்குத் தகாத எதனையும் செய்யலாகாது என்கிறது. எக்காலத்தும் என்பதைக் கவனிக்க வேண்டும். மணி அடித்த பின்னும் அவர் ஆசிரியரே. அனுமதியின்றி வேறு தொழிலோ வணிகமோ செய்யலாகாது என்பது பதினைந்தாம் விதி. கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது. நன்னூலின் முடத்தெங்கைச் சட்டமொழியில் கூறினால் இப்படித்தான் இருக்கும். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவோ, பத்தாண்டுக் குடிக்கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கன்றி வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்கிறது. உரிமக் கட்டணம் வசூலித்து, கப்பலுக்கு அனுமதி கொடுத்து, வழக்குத் தீர்த்த சாலமனை இப்பிரிவின் முன் நிறுத்திப் பார்க்கிறேன். ஒருவர் தோளில் இருந்த சுமைகளைச் சட்டம் ஒவ்வொன்றாக இறக்கிவைத்து, கடைசியில் பிள்ளையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

பேரிடர் என்ற சொல் இத்தீவுகளில் வெறும் சட்டச் சொல் அன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரையும் கச்சாலையும் உருக்குலைத்தது. அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் பள்ளிகள் நடக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதைத் தமிழர் எவரும் மறந்திரார். அத்தீவிபத்தை முன்னிட்டு எழுந்த வழக்கில் 2009இல் உச்சநீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியைப் பெறும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

சாலமனுக்கு நேர்ந்த அந்த இக்கட்டு, அறிந்ததைச் சொல்வதா மறைப்பதா என்பது, இன்று ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தையின் மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், காவல் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவர்க்கு ஓராண்டு வரை. பள்ளியின் நற்பெயர், சக ஆசிரியரின் குடும்பம், உள்ளூர்ப் பெரியவர்களின் வேண்டுகோள் ஆகிய எதுவும் இதற்கு விலக்காகாது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர்க்கு நேர்ந்த கொடுமையை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று ஒரு மருத்துவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. உச்சநீதிமன்றம் 2022 நவம்பரில் அக்குற்றச்சாட்டை மீண்டும் நிலைநிறுத்தியது. வீட்டைவிட்டுத் தொலைவில், விடுதியில், பழங்குடிப் பிள்ளைகள்: ராஸ் தீவின் இல்லத்தை நினைவூட்டவில்லையா? 1876இல் மேகநோயைக் கண்டவர்கள் கோப்பில் எழுதிக்கொண்டார்கள். இன்று அதைக் கண்டும் வாளாவிருப்பதே குற்றம்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்சட்டங்கள் அயலானவை அல்ல. அந்தமான் நிக்கோபாரிலேயே 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பெருநிலத்திலிருந்து பிழைக்கச் சென்றோரும், கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பியோரும் அவர்களுள் அடங்குவர். தாத்தா பாட்டி, மாமன் அத்தை என்று யாரும் அருகில் இல்லாத ஊரில், பெற்றோர்க்கு அடுத்து நம் பிள்ளை நாளில் அதிக நேரம் பார்க்கும் பெரியவர் ஆசிரியரே. அவரிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்காமல் விடலாகாது என்பதை மொழி தெரியாத ஊரில் நாம் அறிந்திருப்பது நல்லது. அடித்தால் மட்டுமன்றி, சாதியையோ மொழியையோ சொல்லி இழிவுபடுத்தினாலும் 17ஆம் பிரிவின்படி முறையிடலாம்.

தீவுகளில் இன்னொரு சட்டமும் ஆசிரியரைக் கட்டுப்படுத்துகிறது. 1956ஆம் ஆண்டின் ஆதிகுடிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஒதுக்கப்பட்ட பகுதிகளில் அனுமதியின்றி யாரும் நுழைவதைத் தடுக்கிறது. எழுத்தறிவிக்கச் செல்கிறேன் என்பவர்க்கும் அத்தடை உண்டு. கார்பினுடைய நல்லெண்ணம் எங்கே கொண்டுவிட்டது என்பதை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் போலவே அது எனக்குத் தோன்றுகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை எண்ணிச் சொல்கிறது. காலந்தவறாமை, பாடத்தை உரிய காலத்தில் முடித்தல், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் அறிந்து வேண்டிய கூடுதல் உதவி செய்தல் ஆகியவற்றோடு, பெற்றோரையும் பாதுகாவலரையும் ஒழுங்காகக் கூட்டி, பிள்ளையின் வருகை, திறன், முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்கு அறிவித்தலும் அவருடைய கடமை. 1863இல் ராஸ் தீவில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர்க்கு எவரும் எதையும் அறிவிக்கவில்லை. இப்பிரிவில் ‘பாதுகாவலர்’ என்னும் சொல்லைக் கையாளும்போது என் பேனா சற்று நிற்கும். சட்டம் ஓர் ஆளை மனத்திற்கொண்டு அச்சொல்லை எழுதியிருக்கிறது. கார் நிக்கோபாரில் பிள்ளை ‘துஹேத்’ என்னும் கூட்டுக் குடும்பம் முழுமைக்கும் உரியது. நிலமும் தென்னையும் பன்றிகளும் அக்குடும்பத்துக்கே பொதுவானவை. அங்கே பெற்றோர் கூட்டம் என்று மணி அடித்தால், பெரியப்பன் வருவானா, தாய்வழிக் கிழவி வருவாளா, எல்லோருமே வந்து திண்ணை நிறைய அமர்வார்களா என்பதை ஆசிரியர் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு பாய் விரிக்க வேண்டியிருக்கும்.